செல் எந்த நிமிடத்தில் சாகிறது? – வாசகர் கேள்வி பதில்

செல்லின் காயம், முதுமை, சாவு பற்றி இந்த மாதம் வந்த கேள்விகளுக்கு நோயியல் துறையில் இருப்பவர்கள் பதில் எழுதுகிறோம்.

கேள்வி: நெஞ்சுவலி வந்த ஒரு மணி நேரத்தில் அப்பாவை மருத்துவமனையில் சேர்த்துவிட்டோம். முதலில் எடுத்த ரத்தத்தில் டிரோபோனின் (மாரடைப்பைக் காட்டும் புரதம்) சரியாக இருந்தது. மூன்று மணி நேரம் கழித்து எடுத்ததில் எகிறிவிட்டது. அப்படியென்றால் இதயச் செல்கள் மருத்துவமனைக்கு வந்த பிறகுதான் செத்தனவா?

பதில்: முதல் தடவை ரத்தம் எடுக்கும்போதே ஒரு பகுதி செத்திருக்கும். செல் சாவது ஒரு நேரம், செத்த செய்தி ரத்தத்துக்கு வந்து சேர்வது இன்னொரு நேரம். இரண்டுக்கும் நடுவே மணிக்கணக்கில் இடைவெளி உண்டு.

ரத்தக்குழாய் அடைபட்ட நொடியிலிருந்து பார்க்கலாம். ஆக்சிஜன் நின்ற சில நொடிகளிலேயே ஏடிபி குறையத் தொடங்கும். செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறான ஏடிபி அதன் அன்றாடக் கைச்செலவுப் பணம். சேர்த்து வைக்க முடியாது. சம்பாதிக்கச் சம்பாதிக்கச் செலவாகிக்கொண்டே இருக்கும். இரண்டு நிமிடத்துக்குள் அந்த இடத்துத் தசை சுருங்குவதை நிறுத்திவிடும். அது சாவு அல்ல, வேலைநிறுத்தம். 10 நிமிடத்தில் ஏடிபி பாதியாகும். 40 நிமிடத்தில் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும்.

ஏடிபி குறைந்தால் முதலில் அடிவாங்குவது செல் சவ்வில் இருக்கும் சோடியம் பம்பு. மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்க அதற்கு ஒரு ஏடிபி வேண்டும். பம்பு ஓய்ந்தால் சோடியம் உள்ளேயே தங்கும், அதைத் தொடர்ந்து தண்ணீரும் புகும். செல் ஊதிப்போய் சவ்வில் கொப்புளம் கொப்புளமாக எழும். ஆக்சிஜன் இல்லாமல் சர்க்கரையை உடைப்பதால் லாக்டிக் அமிலம் சேர்ந்து உள்ளே புளிப்பேறும். இவ்வளவு நடந்த பிறகும் ரத்தம் திரும்பி வந்தால் செல் பிழைத்துக்கொள்ளும். ஊதிய செல் வற்றும், பம்பு மறுபடி ஓடும்.

இதயத் தசைக்கு இந்தச் சலுகை சுமார் 20 முதல் 40 நிமிடம் வரைதான். அதைத் தாண்டினால் இரண்டு சேதங்கள் நேர்கின்றன. செல்லுக்குள் ஏடிபி செய்யும் ஆலையான மைட்டோகாண்ட்ரியாவின் சவ்வில் துளை திறந்து, ஆக்சிஜன் கொடுத்தாலும் அது ஏடிபி செய்ய முடியாத நிலைக்குப் போகிறது. செல்லின் வெளிச்சவ்வும் ஓட்டையாகிறது. செல்லுக்கு வெளியே இருக்கும் கால்சியம் உள்ளே இருப்பதைப்போல் ஏறக்குறைய 10,000 மடங்கு. ஓட்டை விழுந்ததும் அது உள்ளே பாய்ந்து, அதுவரை அடங்கியிருந்த நொதிகளை எழுப்பிவிடும். அவை சவ்வையும் புரதத்தையும் டிஎன்ஏவையும் வெட்டத் தொடங்கும். அதன் பிறகு திரும்பும் வழி கிடையாது.

அடைபட்ட குழாய்க்கு உட்பட்ட எல்லாச் செல்லும் ஒரே சமயத்தில் இந்தக் கோட்டைத் தாண்டுவதில்லை. இதயச் சுவரின் உட்பக்கத்தில் தொடங்கும் சாவு வெளிப்பக்கம் நோக்கி அலைபோல் நகர்ந்து, முழுச் சுவரையும் பிடிக்க 3 முதல் 6 மணி நேரம் ஆகும். அடைப்பை எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோமோ அவ்வளவு சீக்கிரம் அந்த அலை நிற்கும். ரத்தம் திரும்பும்போது அதுவும் கொஞ்சம் சேதம் செய்யும். திடீரென வந்த ஆக்சிஜனிலிருந்து தீவிரமான மூலக்கூறுகள் பிறக்கும், கால்சியம் மேலும் புகும். ஆனால் அந்த நஷ்டம் அடைப்பை அப்படியே விட்டுவைப்பதால் வரும் நஷ்டத்துக்கு முன் சிறிது.

டிரோபோனின் என்பது தசை நாரில் பதிந்திருக்கும் புரதம். சவ்வு உடைந்து, நார் சிதைந்து, கசிந்து, ரத்தத்தில் கலந்த பிறகுதான் கருவி அதைக் காணும். பழைய வகைப் பரிசோதனையில் 3 முதல் 6 மணி நேரமும், நுண்ணிய வகையில் 1 முதல் 3 மணி நேரமும் ஆகலாம். இரண்டு தடவை ரத்தம் எடுப்பது இதற்காகத்தான். வலி தொடங்கிய உடனே எடுத்த ஒரே ஒரு பரிசோதனை சரியாக இருக்கிறது என்று யாரும் வீட்டுக்குக் கிளம்பிவிடக் கூடாது.

மைக்ராஸ்கோப்பும் இந்த விஷயத்தில் நம்மை ஏமாற்றும். மாரடைப்பு வந்து அரை மணியில் இறந்தவரின் இதயத் தசையைச் சாதாரண மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் எல்லாச் செல்லும் நலமாகவே தெரியும். மாற்றம் கண்ணில் பட 4 மணி நேரமாவது போக வேண்டும். அதற்கு முன் தெரிந்துகொள்ள, இதயத்தைத் துண்டு போட்டு டெட்ரசோலியம் கரைசலில் ஊறவைப்பார்கள். உயிருள்ள தசை செங்கல் நிறமாகும். செத்த இடம் வெளிறியே கிடக்கும், நிறத்தை உண்டாக்கும் நொதி ஓட்டைச் சவ்வு வழியே வெளியேறிவிட்டிருக்கும். இதற்கும் இரண்டு மூன்று மணி நேரம் கடந்திருக்க வேண்டும்.

அப்பாவின் எக்கோவில் (இதய ஸ்கேன்) சுவர் அசையவில்லை என்று எழுதியிருந்தால் அந்த இடம் முழுவதும் செத்துவிட்டது என்று கலங்காதீர்கள். உயிரோடு தப்பிய செல்களும் அதிர்ச்சியில் சில நாட்கள், சில வாரங்கள்கூடச் சுருங்காமல் இருக்கும். ஆறு வாரம் கழித்து எடுக்கும் எக்கோதான் நம்பகமான கணக்கு. ஒன்று முக்கியம். செத்த தசையை அப்புறப்படுத்தும் வேலை நடக்கும் 3 முதல் 7 நாட்களில்தான் சுவர் மிக மென்மையாக இருக்கும், தழும்புத் திசு இன்னும் உறுதியாகியிருக்காது. அந்த வாரம் மருத்துவர் சொல்லும் ஓய்வை அப்பா ஒழுங்காக எடுக்கட்டும். தழும்பு முழுதாக இறுக இரண்டு மாதம் ஆகும்.

கேள்வி: எனக்கு ரத்தக் கொதிப்பு 12 வருடமாக இருக்கிறது. 'இதயச் சுவர் தடித்திருக்கிறது' என்கிறார்கள். தசை தடித்தால் பலம்தானே? பளு தூக்குகிறவர்களுக்குக் கை தடிப்பதுபோல?

பதில்: தொடக்கத்தில் பலம்தான். அழுத்தத்தை எதிர்த்து ரத்தத்தைத் தள்ள வேண்டியிருப்பதால் ஒவ்வொரு தசைச் செல்லும் தனக்குள் சுருங்கும் நார்களை அடுக்கடுக்காகச் சேர்த்துப் பெருக்கிறது. இதயத் தசைச் செல் பெரியவர்களிடம் ஏறக்குறைய பிரிவதே இல்லை என்பதால், எண்ணிக்கையைக் கூட்ட முடியாமல் பருமனைக் கூட்டுகிறது. 1 சென்டிமீட்டர் இருக்க வேண்டிய இடது கீழறைச் சுவர் ஒன்றரையாகும், இரண்டும் ஆகும். 300 கிராம் அளவில் இருக்க வேண்டிய இதயம் 500 கிராமைத் தாண்டும்.

சிக்கல் ரத்தக்குழாயில். செல் பெருத்த அளவுக்குச் சுற்றியிருக்கும் நுண்குழாய்கள் பெருகுவதில்லை. ஆக்சிஜன் செல்லின் நடுவுக்குப் போய்ச் சேரும் தூரம் கூடுகிறது, நடுவில் நார்த்திசு படர்கிறது, சுவர் விறைக்கிறது, ஒரு கட்டத்தில் தளர்ந்து விரிகிறது. நீச்சல் வீரரின் இதயமும் தடிக்கும், ஆனால் அவருக்கு நுண்குழாயும் கூடவே வளரும்; பயிற்சியை விட்டால் இதயம் பழைய அளவுக்குத் திரும்பும். உங்கள் இதயத்துக்கும் திரும்பும் வாய்ப்பு உண்டு. அழுத்தத்தை மாதக்கணக்கில் தொடர்ந்து கட்டுக்குள் வைத்தால் சுவரின் தடிப்பு குறைவதை எக்கோவில் அளந்தே பார்க்கலாம். தலைவலி இல்லை என்று மாத்திரையை இரண்டு வாரம் நிறுத்தினால், அந்த இரண்டு வாரமும் இதயத்துக்குப் பளு தூக்கும் வாரம்தான்.

கருப்பை மட்டும் இதில் தனி. கர்ப்ப காலத்தில் அதன் செல்கள் பருமனாகவும் செய்யும், எண்ணிக்கையில் பெருகவும் செய்யும். 70 கிராம் உறுப்பு 1 கிலோவைத் தாண்டி, பிரசவமான ஆறு வாரத்தில் கிட்டத்தட்டப் பழையபடி சுருங்கிவிடும்.

கேள்வி: காலில் ஆறு வாரம் மாவுக்கட்டு. பிரித்ததும் தொடை பாதியாகத் தெரிகிறது. தசைச் செல்கள் செத்துவிட்டனவா?

பதில்: பெரும்பாலும் இல்லை, இளைத்திருக்கின்றன. வேலை இல்லாத தசை தன் புரதங்களுக்கு 'யூபிக்விட்டின்' என்ற முத்திரையைக் குத்திப் புரோட்டியசோம் என்ற அரைவைக்கு அனுப்புகிறது, புதுப் புரதம் செய்வதையும் குறைக்கிறது. அசையாமல் வைத்த இரண்டே வாரத்தில் தொடைத் தசையின் பருமன் ஏறக்குறைய 8 சதவீதம் குறைந்துவிடும். கட்டு இருக்கும்போதே தொடையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியை மருத்துவர் அனுமதித்தால் செய்வது இதனால்தான் நல்லது. நரம்பு அறுபட்டு இளைத்த தசையின் கதை வேறு. அங்கே செல்கள் நாளடைவில் உண்மையாகவே மறைந்து கொழுப்பும் நாரும் இடம் பிடிக்கும்.

கேள்வி: 20 வருடப் புகைப்பழக்கத்தை விட்டு மூன்று வாரம் ஆகிறது. இருமலும் சளியும் முன்பைவிட அதிகம். விட்டது தப்போ என்று தோன்றுகிறது.

பதில்: தப்பே இல்லை. இது நல்ல அறிகுறி என்பதைச் சொல்லத்தான் இந்தக் கேள்வியைத் தேர்ந்தெடுத்தோம். மூச்சுக்குழாயின் உள்சுவரில் இருப்பவை மயிரிழை கொண்ட உயரமான செல்கள். அந்த இழைகள் ஒரே திசையில் அலையடித்துச் சளியைத் தொண்டைக்கு ஏற்றிக்கொண்டே இருக்கும். புகை தொடர்ந்து பட்டால் அந்த இடத்தில் தோலைப்போலத் தட்டையான, அடுக்கடுக்கான செல்கள் வந்துவிடும். இருந்த செல் உருமாறுவதில்லை. அடியில் இருக்கும் மூலச் செல்தான் அடுத்த தலைமுறையை வேறு வகையாகப் பெற்றுப் போடுகிறது. தட்டைச் செல் புகையைத் தாங்கும், ஆனால் துடைக்கத் தெரியாது. சளி தேங்கும்.

புகை நின்றதும் மயிரிழைகள் திரும்ப முளைக்கின்றன, தேங்கியதெல்லாம் மேலே வருகிறது. சில வாரங்களில் இது அடங்கும். சளியில் ரத்தம், எடை குறைவு, குரல் மாற்றம் இருந்தால் மட்டும் காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள். தட்டைச் செல்கள் அங்கேயே வருடக்கணக்கில் குடியிருந்தால் சிலவற்றின் உட்கரு தாறுமாறாகும். புற்றுநோய்க்குப் போகும் பாதைகளில் அதுவும் ஒன்று.

கேள்வி: காய்ச்சல் மாத்திரையான பாராசிட்டமால் கல்லீரல் செல்லைக் கொல்லும் என்கிறார்களே. எல்லோரும் சாப்பிடுகிற மாத்திரை எப்படிக் கொல்லும்?

பதில்: அளவுக்குள் கொல்லாது, அளவு மீறினால் கொல்லும். எல்லை எங்கே என்பது செல்லுக்குள் இருக்கும் ஒரு கையிருப்பைப் பொறுத்தது.

நீங்கள் விழுங்கும் பாராசிட்டமாலில் பெரும்பங்கைக் கல்லீரல் பத்திரமாகக் கட்டிச் சிறுநீரில் அனுப்பிவிடும். 5 முதல் 10 சதவீதம் மட்டும் வேறு வழியில் போய் நச்சுப் பொருளாக மாறும். அது பிறக்கப் பிறக்க 'குளூட்டத்தையோன்' என்ற பொருள் அதைப் பிடித்து அடக்கிவிடும். மாத்திரை அதிகமானால் பத்திரமான வழி நிரம்பிவிடும், நச்சு கூடும், குளூட்டத்தையோன் தீரும். பிறகு நச்சு செல்லின் சொந்தப் புரதங்களில், குறிப்பாக மைட்டோகாண்ட்ரியாவில் ஒட்டிக்கொள்ளும். கல்லீரலின் ஒவ்வொரு சிறு மடலிலும் நடுச்சிரையைச் சுற்றியுள்ள செல்களே முதலில் சாகும். நச்சை உண்டாக்கும் நொதி அங்கேதான் அதிகம், ஆக்சிஜன் அங்கேதான் குறைவு.

ஆரோக்கியமான பெரியவருக்கு ஒரு நாளின் உச்ச அளவு 4 கிராம், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை எட்டு. தொடர்ந்து மது குடிப்பவருக்கும் பல நாள் சரியாகச் சாப்பிடாதவருக்கும் மருத்துவர்கள் பெரும்பாலும் 2 கிராமோடு நிறுத்துவார்கள். குடி நொதியைக் கூட்டுகிறது, பட்டினி கையிருப்பைக் குறைக்கிறது. குழந்தைகளுக்கு எடை பார்த்துத்தான் அளவு. சளி மாத்திரை, உடம்புவலி மாத்திரை, காய்ச்சல் மாத்திரை என்று மூன்று பெயரில் விழுங்குகிறவர்கள் மூன்றிலும் பாராசிட்டமால் இருப்பதைக் கவனிப்பதில்லை. அட்டையின் பின்புறத்தைப் படித்துக் கூட்டிப் பாருங்கள்.

உடல் எடையில் கிலோவுக்கு 150 மில்லிகிராமுக்கு மேல் ஒரே தடவையில் விழுங்கியவர் ஆபத்தில் இருக்கிறார் என்றே கொள்ள வேண்டும். கொடுமை என்னவென்றால் முதல் நாள் அவர் நன்றாக இருப்பார். குமட்டல் இருந்தால் உண்டு, இல்லாமலும் போகும். இரண்டாம் நாள் வலது விலாவுக்குக் கீழே வலி, மூன்றாம் நான்காம் நாள் மஞ்சள் காமாலை, ரத்தம் உறையாமை, மயக்கம். இதற்கு முறிமருந்து இருக்கிறது: அசிட்டைல்சிஸ்டீன். அது தீர்ந்துபோன குளூட்டத்தையோனை மறுபடி செய்ய மூலப்பொருளைத் தருகிறது. 8 மணி நேரத்துக்குள் தொடங்கினால் கல்லீரல் ஏறக்குறைய முழுதாகத் தப்பும். நேரம் தாண்டியிருந்தாலும் கொடுப்பார்கள், பலன் குறையும். ஆகவே 'நன்றாகத்தானே இருக்கிறார்' என்று மறுநாள் வரை பார்க்காதீர்கள். விழுங்கிய நேரத்தையும் காலி அட்டைகளையும் கொண்டுபோங்கள். நான்கு மணி நேரம் கழிந்த பிறகு எடுக்கும் ரத்த அளவை வைத்துத்தான் முடிவு செய்வார்கள்.

கேள்வி: செல் 'தற்கொலை' செய்துகொள்ளும் என்று பாடப்புத்தகத்தில் இருக்கிறது. எதற்காக? அது சாதாரணச் சாவிலிருந்து எப்படி வேறு?

பதில்: 'தற்கொலை' என்ற சொல் எங்களுக்குப் பிடிப்பதில்லை. 1972இல் கெர், வில்லி, கர்ரி என்ற மூவர் இதற்கு அப்போப்டோசிஸ் என்று பெயர் வைத்தபோது, மரத்திலிருந்து இலையும் பூவிலிருந்து இதழும் உதிர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை எடுத்தார்கள். தமிழில் அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர் என்று வரும் வரிசையில் உதிரும் பூவுக்கு 'வீ' என்று தனிப்பெயரே உண்டு. வீதல் என்றால் சாதல் என்றும் பொருள். இதைவிடப் பொருத்தமாக வேறு சொல் கிடைக்காது.

மாரடைப்பில் பார்த்த சாவு நெக்ரோசிஸ். செல் ஊதும், உடையும், உள்ளிருப்பதெல்லாம் வெளியே கொட்டும், அக்கம்பக்கம் அழற்சி கிளம்பும். உதிர்தலில் நேர்மாறு. செல் சுருங்கும். மைட்டோகாண்ட்ரியா 'சைட்டோகுரோம் சி' என்ற புரதத்தை வெளியே விடும். அது காஸ்பேஸ் என்ற நொதிகளை வரிசையாக எழுப்பும். அவை டிஎன்ஏவையும் உள்சட்டகத்தையும் ஒழுங்காக நறுக்கும். சவ்வு கிழியாது; செல் சிறுசிறு பொட்டலங்களாகப் பிரியும். சவ்வின் உட்பக்கம் இருக்க வேண்டிய ஒரு கொழுப்பு மூலக்கூறு வெளிப்பக்கம் திரும்பி, 'என்னை எடுத்துக்கொள்' என்று அடையாளம் காட்டும். பக்கத்துச் செல்லோ, கழிவை விழுங்கும் செல்லான மேக்ரோஃபேஜோ விழுங்கிவிடும். அழற்சி இல்லை, தழும்பு இல்லை. இதற்கெல்லாம் ஏடிபி வேண்டும் என்பதைக் கவனியுங்கள். ஆற்றல் இருந்தால்தான் ஒரு செல்லால் ஒழுங்காக உதிர முடியும்.

எதற்காக என்று கேட்டீர்கள். கருவில் கை முதலில் துடுப்புபோல இருக்கும். இடையில் இருக்கும் செல்கள் உதிர்வதால்தான் விரல்கள் பிரிகின்றன. ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள சீனோராப்டிடிஸ் என்ற புழுவின் வளர்ச்சியில் 1,090 உடற்செல்கள் உண்டாகி, அவற்றில் சரியாக 131 உதிர்கின்றன, ஒவ்வொரு புழுவிலும் அதே 131. இதை எண்ணிக் காட்டி, காரணமான மரபணுக்களையும் கண்டுபிடித்ததற்கு பிரென்னர், ஹார்விட்ஸ், சல்ஸ்டன் மூவருக்கும் 2002இல் நோபல் கிடைத்தது. உதிர மறுக்கும் செல்லும் உண்டு. டிஎன்ஏ கெட்டும் சாகாமல் பிரிந்துகொண்டே போனால் அதுதான் புற்றுநோய்.

கேள்வி: செல் ஏன் கிழடாகிறது? இளமையைக் காக்கும் ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை வாங்கலாமா?

பதில்: இருபதாம் நூற்றாண்டின் பாதி வரை, குடுவையில் வளர்க்கும் செல் சாகாவரம் பெற்றது என்றே நம்பினார்கள். 1961இல் ஹேஃப்ளிக், மூர்ஹெட் இருவரும் மனிதக் கருவின் நார்த்திசுச் செல்களை வளர்த்து, அவை 40 முதல் 60 தடவை பெருகியதும் நின்றுவிடுவதைக் காட்டினார்கள். பாதியில் உறையவைத்து எடுத்தாலும் விட்ட இடத்திலிருந்து மிச்ச எண்ணிக்கையைத்தான் முடித்தன. செல் கணக்கு வைத்திருந்தது.

கணக்கேடு குரோமோசோமின் நுனியில் இருக்கிறது. டெலோமியர் எனப்படும் அந்த நுனியில் ஒரே ஆறெழுத்து வரிசை ஆயிரக்கணக்கான தடவை திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு பிரிவிலும் 50 முதல் 100 எழுத்துகள் தேயும். மிகக் குட்டையானதும் செல் அதை உடைந்த டிஎன்ஏ என்று எடுத்துக்கொண்டு பிரிவதை நிறுத்தும். மூலச் செல்கள், இனப்பெருக்கச் செல்கள் டெலோமரேஸ் நொதியால் நுனியை நீட்டிக்கொள்ளும். புற்றுநோய்ச் செல்களில் பெரும்பாலானவையும் இந்த நொதியைக் கைப்பற்றிக்கொள்ளும். அதனால் 'டெலோமரேஸைத் தூண்டி இளமை' என்று விற்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

பிரிவதை நிறுத்திய கிழச்செல் சாகாமல் உட்கார்ந்துகொண்டு, அழற்சியைத் தூண்டும் பொருள்களையும் சுற்றுப்புறத் திசுவைக் கரைக்கும் நொதிகளையும் சுரக்கும். சில செல்கள்தான் இப்படி என்றாலும் அக்கம்பக்கத்தைக் கெடுக்கப் போதும். மூளையின் நரம்புச் செல் ஏறக்குறைய பிரிவதே இல்லை, அதன் முதுமை வேறு மாதிரி; கழிவை முழுதாகச் செரிக்க முடியாமல் லிப்போஃபுஸ்ஸின் என்ற பழுப்பு நிறமி உள்ளே தூள்தூளாகச் சேரும். முதியவரின் இதயத் தசையை வெட்டினால் அந்தப் பழுப்பு வெறுங்கண்ணுக்கே தெரியும்.

மாத்திரை வேண்டாம். பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 1994இல் வந்தது. பீட்டா கரோட்டின் என்ற ஆன்டிஆக்சிடன்டைத் தினம் 20 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம். ஆன்டிஆக்சிடன்ட் அணைக்கப் பார்ப்பது ஆக்சிஜனிலிருந்து பிறக்கும் தீவிர மூலக்கூறுகளை; செல்லுக்குள் அவை விஷம் மட்டுமல்ல, கிருமியைக் கொல்லவும் செய்தி சொல்லவும் பயன்படுபவை. ஒரேயடியாக அணைக்க முயல்வது சரியல்ல.

கேள்வி: ரத்தச் சிவப்பணுவுக்கு உட்கருவே இல்லையே, அது எப்படிச் சாகிறது?

பதில்: சுமார் 120 நாள் சுற்றியபின் சவ்வு விறைத்துப்போய், மண்ணீரலின் இடுக்குகளில் வளைந்து நுழைய முடியாமல் மாட்டிக்கொள்கிறது. மேக்ரோஃபேஜ் விழுங்கி, இரும்பைத் திருப்பிக் கொடுக்கிறது.

கேள்வி: இயந்திரத்தில் விரல் துண்டாகிவிட்டால் ஐஸில் போட்டுக் கொண்டுபோகச் சொல்கிறார்கள். சரியா?

பதில்: நேராக ஐஸில் போடுவது தவறு. செல்லுக்குள் இருக்கும் தண்ணீர் உறைந்து பளிங்காகிச் சவ்வைக் குத்திக் கிழிக்கும். தண்ணீரில் மிதக்கவிடுவதும் தவறு. உப்பில்லாத தண்ணீர் செல்லுக்குள் புகுந்து ஊதவைக்கும். பால், ஸ்பிரிட், மஞ்சள் எதுவும் வேண்டாம்.

துண்டை உப்புக்கரைசலால் மெல்ல அலசுங்கள், தேய்க்காதீர்கள். கரைசலில் நனைத்துப் பிழிந்த சுத்தமான துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் காற்றுப் புகாமல் மூடுங்கள். அந்தப் பையை ஐஸும் தண்ணீரும் கலந்த இன்னொரு பையில் வையுங்கள். நசுங்கிய துண்டாக இருந்தாலும் எறியாதீர்கள், தோலையோ நரம்பையோ எடுத்துப் பயன்படுத்த முடியும். அடிபட்ட கையில் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி வைத்தால் போதும். கயிறு கட்ட வேண்டாம்.

குளிர் செல்லின் ஏடிபி செலவைக் குறைக்கிறது, அதனால்தான் நேரம் நீள்கிறது. விரலில் தசை இல்லை. சாதாரண வெப்பத்தில் சுமார் 12 மணி நேரமும், இப்படிக் குளிரவைத்தால் 24 மணி நேரம் வரையும் தாங்கும். முன்கையோ காலோ என்றால் தசை இருப்பதால் 6 மணி நேரம்தான், குளிரவைத்தால் 12. கிளம்பும் முன், வெட்டுப்பட்ட நேரத்தைப் பையின் மேல் பேனாவால் எழுதிவிடுங்கள்.